கேள்வி நேரம்: துணியை விட்டு உரியும் சிலிக்கோன்

கேள்வி: பாலியஸ்டர் விளையாட்டு டி-ஷர்ட்டில் சிலிக்கோன் பிரின்ட் போடுகிறோம். 130 டிகிரியில் 2 நிமிடம் க்யூரிங் (மையைச் சூட்டில் இறுக வைப்பது). கையால் இழுத்தால் நிற்கிறது. நாலைந்து சலவையில் ஓரத்திலிருந்து தோலாக உரிகிறது. காட்டனில் இதே மை நன்றாகப் பிடிக்கிறது. மையை இறுகச் செய்யும் கேட்டலிஸ்ட்டைக் கூட்டலாமா? – பிரின்டிங் பட்டறை உரிமையாளர், திருப்பூர்

கூட்ட வேண்டாம். கேட்டலிஸ்ட் அதிகமானால் மை ஸ்கிரீனிலேயே இறுகத் தொடங்கிவிடும். நூலுக்குள் இறங்க நேரம் கிடைக்காமல் பிடிப்பு இன்னும் குறையும்.

உரிந்த துண்டைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் பளபளப்பாக, துணியின் பின்னல் மட்டும் அச்சாகப் பதிந்து, ஒரு நார்கூட ஒட்டாமல் இருந்தால் மை மேலோடு நின்றுவிட்டது, நூலைப் பிடிக்கவே இல்லை. அடிப்பக்கம் மட்டும் பிசுபிசுத்தால் துணியில் இருக்கும் ஏதோ ஒன்று க்யூரிங்கைத் தடுக்கிறது. துணியிலும் துண்டிலும் ரப்பர் (இறுகிய சிலிக்கோன் மை) இருந்தால் ஒட்டு நல்ல ஒட்டுதான். ரப்பர்தான் நடுவே கிழிகிறது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை.

காட்டன் நூலில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும், மை அதைச் சுற்றி இறுகிக்கொள்ளும். பாலியஸ்டர் ஃபிலமென்ட் (பிசிறில்லாத நீள இழை) வழவழப்பானது. வேதிவினைக்கு இடம் கொடுக்கும் தொகுதிகளும் அதன் மேற்பரப்பில் மிகக் குறைவு. அதன்மேல் ஸ்பின்னிங் எண்ணெயும், ஸ்டென்டரில் (துணியை விரித்து உலர்த்தும் இயந்திரம்) கொடுத்த சாஃப்ட்னரும் (துணியை மென்மையாக்கும் பொருள்) படிந்திருந்தால் பிடிக்க எதுவுமே இல்லை. எங்கள் கணிப்பில் பாதிக்கு மேற்பட்ட புகார்களுக்கு மூலம் மை அல்ல, சாஃப்ட்னர்தான்.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. லிட்டருக்கு 1 கிராம் சோடா ஆஷ், 1 கிராம் நான்-அயானிக் டிடர்ஜென்ட் கலந்து 60–70 டிகிரியில் 20–30 நிமிடம் துணித்துண்டை அலசுங்கள். வெந்நீரில் இருமுறை கழுவி, சில சொட்டு அசிட்டிக் அமிலத்தால் காரத்தை முறித்து, உலர்த்துங்கள். அலசியதும் அலசாததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே மையில் பிரின்ட் போட்டுச் சலவை செய்யுங்கள். அலசியது நின்றால் குற்றவாளி எண்ணெய் அல்லது சாஃப்ட்னர். நிற்காவிட்டாலும் சாஃப்ட்னரை விடுவித்துவிடாதீர்கள்: இறுகிப்போன சிலிக்கோன் சாஃப்ட்னர் சோடாவுக்கு அசையாது. பிரின்ட் போகும் துணிக்குச் சாஃப்ட்னர் வேண்டாம் என்று சாயப்பட்டறையிடம் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் வழி.

அடுத்து அடிப்பூச்சு. முதல் பூச்சை மெல்லியதாக, ஸ்குவீஜியை (மையைத் தள்ளும் பட்டை) அழுத்தி, மை நூலிடுக்கில் இறங்கும்படி தள்ளுங்கள். மை கம்பெனி தரும் அட்ஹெஷன் புரமோட்டரை (ஒட்டும் திறனைக் கூட்டும் பொருள்) இந்தப் பூச்சில் சேர்த்தால் போதும். ஃப்ளாஷில் (பூச்சுகளுக்கு நடுவே சற்று நேரம் சூடு காட்டும் கருவி), தொட்டால் ஒட்டாத அளவுக்கு மட்டும் உலர விடுங்கள். முழுக்க இறுகினால் அடுத்த பூச்சு அதைப் பிடிக்காது. 130 டிகிரி என்பது துணியின் சூடாக இருக்க வேண்டும். மெஷின் டயல் காட்டுவது காற்றின் சூடு. துணியில் தெர்மோ லேபிள் (சூட்டைக் காட்டும் ஒட்டுப்பட்டை) ஒட்டி அளந்துகொள்ளுங்கள். பயந்து சூட்டை ஏற்றினால் பாலியஸ்டருக்கு ஏற்றும் டிஸ்பெர்ஸ் சாயம் மேலேறி, சிவப்புத் துணியில் வெள்ளை பிரின்ட் ரோஜா நிறமாகிவிடும்.

கேள்வி: இடுப்பு எலாஸ்டிக் அருகே மட்டும் பிரின்ட் இறுகாமல் பிசுபிசுக்கிறதே? – வாசகி, ஈரோடு

எலாஸ்டிக்கில் இயற்கை ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலுள்ள கந்தகம் மையை இறுகச் செய்யும் பிளாட்டினம் கேட்டலிஸ்ட்டை முடக்கிவிடும். அமீன்களும் ஆர்கானிக் டின் சேர்மங்களும் இதே வேலையைச் செய்யும். மை கலக்கும்போது லேட்டக்ஸ் கையுறை வேண்டாம், நைட்ரைல் போடுங்கள்.

கேள்வி: பாலியஸ்டர் துணி வைத்த சிலிக்கோன் ஹோஸில் அடுக்குகள் பிரிகின்றன. சைலேன் பிரைமர் (துணியையும் சிலிக்கோனையும் பிணைக்கும் அடிப்பூச்சு) உதவுமா? – தொழில்முனைவோர், கோயம்புத்தூர்

உதவும், துணி தயாராக இருந்தால். 95 பங்கு எத்தனால், 5 பங்கு தண்ணீர். அசிட்டிக் அமிலம் சேர்த்து பி.எச். 4.5–5.5-க்குக் கொண்டுவாருங்கள். கலக்கிக்கொண்டே 2 சதவீதம் வினைல் ட்ரைமெத்தாக்சி சைலேன் விட்டு 5 நிமிடம் பொறுங்கள். அன்றன்றைக்குக் கலந்ததையே பயன்படுத்துங்கள். துணியை முக்கிப் பிழிந்து, எத்தனால் முழுவதும் ஆவியாகும் வரை நல்ல காற்றோட்டத்தில் வைத்த பிறகே 110 டிகிரி ஓவனில் 5–10 நிமிடம் வையுங்கள். அந்த ஆவி தீப்பற்றும்.

கெட்டியாகப் பூசினால் நல்லது என்று நினைக்காதீர்கள். வெள்ளைப் பொடியாகத் தெரியும் சைலேன், அடுக்குகள் பிரியும் இடமாகவே மாறிவிடும். பிளாட்டினம் கேட்டலிஸ்ட்டால் இறுகும் சிலிக்கோன் ரப்பருக்கு அமினோ சைலேன் கூடாது.

சைலேன் பற்றுவதற்கு ஹைட்ராக்சில் தொகுதி வேண்டும். கண்ணாடி இழையில் அது இயல்பாகவே உண்டு. பாலியஸ்டரில் கொரோனா அல்லது பிளாஸ்மா (மேற்பரப்பில் மின்வெளியேற்றம் பாய்ச்சும் முறைகள்) கொடுத்துத்தான் உண்டாக்க வேண்டும். அந்தப் பலன் நாளாக ஆக மங்கும், எனவே அன்றைக்கே பிரைமர் ஏற்றுங்கள். ரப்பரைத் துணியில் தேய்த்து ஏற்றும் காலண்டர் உருளை இயந்திரத்தில் முதல் அடுக்கு நூலிடுக்கில் இறங்கியதா என்று ஓரத்தை வெட்டிப் பார்க்கவும். இன்னொன்று: சிலிக்கோனுக்கு வழக்கமான 200 டிகிரி, 4 மணி நேர போஸ்ட் க்யூர் (இறுகிய பிறகு மீண்டும் சூடேற்றுவது) பாலியஸ்டரைச் சுருக்கிப் பலவீனமாக்கும், அந்தச் சுருக்கமே அடுக்கைப் பிரிக்கும். அவ்வளவு சூடு அவசியம் என்றால் சூட்டைத் தாங்கும் அராமிட் இழைத் துணிக்கு மாறுங்கள்.

கேள்வி: சிலிக்கோன் பூசிய நைலான் டென்ட்டின் தையலில் எந்தப் பசையும் நிற்பதில்லை. – மலையேற்ற ஆர்வலர், கொடைக்கானல்

சிலிக்கோன்மேல் சிலிக்கோன்தான் ஒட்டும். நிறமற்ற சிலிக்கோன் சீலன்ட் ஒரு பங்குக்கு ஒரு பங்கு மினரல் டர்பன்டைன் கலந்து, தையலை இழுத்துப் பிடித்தபடி பிரஷ்ஷால் தேய்த்துப் பூசுங்கள். காற்றின் ஈரத்தில்தான் அது இறுகும், எனவே 24 மணி நேரம் மடிக்காதீர்கள்.