ஒருபாலினத் திருமணத்துக்கு ஆதரவாகச் சாதாரண சனம் ஏன் வாக்களிக்கிறது?

தன்பாலீர்ப்பாளரும் இல்லை, போராட்டக்காரரும் இல்லை, தன் வீடு தன் வேலை என்று இருக்கிற ஒரு மனிதர் இந்தக் கலியாணத்துக்கு ஏன் 'ஆம்' என்று புள்ளடி போடுகிறார் என்பதுதான் கேள்வி. என் பதில்: கலியாணத்தைப் பெரிதாக மதிக்கிறபடியால்தான் போடுகிறார்.

மரபை உடைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மட்டும் வாக்களித்தால் எந்த நாட்டிலும் எண்ணிக்கை காணாது. அயர்லாந்தை எடுங்கள். ஊறிப்போன கத்தோலிக்க நாடு. ஆணும் ஆணும் சேர்வது 1993 வரை அங்கே குற்றம். விவாகரத்துக்கே 1995இல் நூலிழையில்தான், ஒரு வீதத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில், சனம் சம்மதித்தது. அதே நாடு 2015 மே 22இல் ஒருபாலினத் திருமணத்துக்கு 62 வீதம் 'ஆம்' சொன்னது. மறுத்தது ஒரேயொரு தொகுதி. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் கப்பலிலும் விமானத்திலும் வந்து வாக்குப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். முன்னாள் ஜனாதிபதி மேரி மக்அலீஸ், கோவிலுக்குப் போகிற கத்தோலிக்கப் பெண், தன்பாலீர்ப்புள்ள மகனின் தாயாகவும் நின்று ஆதரவு கேட்டார். அப்படி ஒரு தாய் கேட்கும்போது அங்குள்ள கிழவிகளுக்கு அது புரட்சியாகப் படவில்லை. பிள்ளை ஒருத்தரோடு ஒழுங்காகக் குடும்பம் நடத்த வேண்டும் என்ற ஆசை எல்லாத் தாய்மாருக்கும் பழகியதுதானே.

எனக்கு இன்னும் கிட்டத்தில் விளங்கியது சுவிஸ் வாக்கெடுப்பு. என் சித்தப்பா அங்கே ஒரு உணவகத்தின் குசினியில் நெடுங்காலம் வேலை செய்தவர், இப்போது அந்த நாட்டுப் பிரஜை. கோவில் திருவிழா என்றால் முதல் ஆளாக நிற்கிற சைவக்காரர். அவர் 'ஆம்' போட்டதாகச் சொன்னபோது நான் உண்மையிலேயே அதிசயப்பட்டேன். காரணம் கேட்டேன். அவரோடு வேலை செய்த சுவிஸ்காரர் ஒருவருக்கு வேறு நாட்டுத் துணைவர். 2007இலிருந்து அங்கே இப்படிப்பட்ட சோடிகள் கூட்டு வாழ்க்கையைப் பதியலாம். ஆனால் கலியாணம் கட்டியவருக்குக் கிடைக்கிற இலகுவான பிரஜாவுரிமை வழி அதில் கிடையாது. வதிவிட பெர்மிட்டுக்காகக் காத்துக் கிடந்த சித்தப்பாவுக்கு அந்த வேதனையை ஒருவரும் விளக்கத் தேவைப்படவில்லை. "அதுகளும் கட்டிக்கொண்டு குடும்பமா இருக்கட்டுமன், ஆருக்கு என்ன நட்டம்?" என்றார். அவ்வளவுதான் அவருடைய அரசியல்.

2021 செப்டெம்பர் 26இல் 64 வீதம் பேர் அவரைப் போல வாக்களித்தார்கள். 26 மாநிலங்களில் ஒன்றுகூட மறுக்கவில்லை. அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சின்ன மலை மாநிலம், 1990இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் தன் உள்ளூர் வாக்கெடுப்புகளில் பெண்களைச் சேர்த்த இடம். அங்கேயும் பாதிக்குச் சற்று மேல் 'ஆம்'.

எல்லா இடமும் இப்படி இல்லை. அவுஸ்திரேலியாவின் 2017 தபால் வாக்கெடுப்பில் நாடு முழுக்க 61.6 வீதம் ஆதரவு. ஆனால் சிட்னியில் எங்கள் ஆட்கள் செறிந்து வாழ்கிற வென்ட்வேர்த்வில், பரமட்டா பக்கத்தில் 'இல்லை'தான் வென்றது. குடியேறிய பல இனத்தவர் கலந்து வாழும் இடங்கள் அவை, தமிழரை மட்டும் சுட்டிச் சொல்ல முடியாது. ஆனாலும் எங்கள் வீடுகளை எனக்குத் தெரியும். பிள்ளை வாய் திறக்காது, தாய் தகப்பன் கேட்காதுகள், சொந்தக்காரர் சாதகத்தோடு வருவினம். தெரிந்த முகம் ஒன்றும் மனதில் வராதவர் வாக்குச்சீட்டைப் பார்த்தால் பயம்தான் வரும்.

இதனாலேயே உரிமையை வாக்குக்கு விடுவதை நான் விரும்பவில்லை. குரோவேசியாவில் 2013இல் நடந்த வாக்கெடுப்பு, திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுத வைத்தது. சுலோவேனியாவில் பாராளுமன்றம் கொடுத்ததை 2015இல் சனம் வாக்களித்துப் பறித்தது. பிறகு 2022இல் அரசியலமைப்பு நீதிமன்றம்தான் வழி திறந்தது. பெரும்பான்மை கை தூக்கினால் சிறுபான்மைக்கு என்ன நடக்கும் என்பதை 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தானுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. தமிழருக்காக நீதி கேட்கிற நாங்கள், எங்களுக்குள்ளேயே எண்ணிக்கையில் குறைந்தவர்களைச் சனத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம் என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கே இலங்கையில் இன்றைக்கு வாக்கெடுப்பு வைத்தால் தோற்கும், சந்தேகமே இல்லை. ஆனால் கொள்கை பேசுவதை விட்டுக் காணியைப் பற்றிக் கதைத்தால் எங்கள் சனத்துக்கும் விளங்கும் என்று நம்புகிறேன். இரண்டு பெண்கள் காலமெல்லாம் ஒரே வீட்டில், ஒரே உலையில் வாழ்கிறார்கள் என்று வையுங்கள். காணி உறுதி ஒருத்தியின் பெயரில். அவள் மரணசாசனம் எழுதாமல் கண்ணை மூடினால், அதுவரை எட்டியும் பாராத சகோதரங்களுக்குக் காணி போகும். மற்றவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் அவள் யார்? செத்த வீட்டில் அவளுக்கு எந்த இடம்? இதை எங்கள் அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது அநியாயம்தான்" என்றார். 'எழுத்து', அதுதான் கலியாணப் பதிவு, ஒன்று இருந்திருந்தால் அவள் இப்படி ஒருவருமில்லாதவளாக நிற்க மாட்டாள். ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு பெறுமதி என்பது சீதன உறுதியோடு கலியாணம் பேசுகிற ஊருக்குத் தெரியாததா?

யாழ்ப்பாண வீதியில் சில வருடங்களாகத் தன்பாலீர்ப்பாளர் முதலானோரின் பெருமித நடைபவனி போகிறது. நடக்கிற பிள்ளைகள் கலியாணம் கேட்கிற நிலைக்கே இன்னும் வரவில்லை. வெள்ளைக்காரன் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள், ஒருபாலின உறவைக் குற்றமாக்குகிறவை, அவர்கள் தலைக்கு மேல் தொங்குகின்றன. அவற்றை மாற்ற வந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொல்லிவிட்டது. அதற்குச் சர்வஜன வாக்கெடுப்பே வேண்டாம், பாராளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். அந்தச் சட்டமூலம் நிறைவேறாமலே போய்விட்டது. அடுத்த முறை எங்கள் வடக்கு எம்பிமார் வீட்டு வாசலுக்கு வாக்குக் கேட்டு வரும்போது, இதில் உங்கள் கை எந்தப் பக்கம் தூக்கும் என்று கேளுங்கள். நான் கேட்பேன்.