பொனற்றுக்குள் ஒரு தண்ணீர்ப் போத்தல்: வாகனக் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணை. எனக்கு 28 வயது. மல்லாவியில் இருந்து ஹயருக்குக் கார் ஓடுகிறேன். டொயோட்டா கொரொல்லா 110, பெற்றோல், 1500 சிசி. காணொளி ஒன்றைப் பார்த்து, தண்ணீரில் இருந்து ஐதரசன் எடுத்து எஞ்சினுக்குக் கொடுக்கும் செற் ஒன்றை நானே செய்து பூட்டினேன். தடித்த பிளாஸ்ரிக் போத்தலுக்குள் ஆறு எவர்சில்வர் தகடுகள். பிளஸ், மைனஸ் என்று மாறி மாறி வயர் கொடுத்திருக்கிறேன். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பு. வரும் காற்று ஒரு ஹோஸ் வழியாக, எஞ்சினுக்குள் காற்றுப் போகும் இன்ரேக் மானிபோல்ட்டுக்குப் போகிறது. முதல் கிழமை பெற்றோல் மிச்சம் பிடித்தது போல இருந்தது. இப்போது தண்ணீர் பிளேன்ரீ நிறத்துக்கு வருகிறது. அரை மணித்தியாலத்தில் போத்தலில் கை வைக்க முடியாத சூடு, 30 அம்பியர் பியூஸ் எரிகிறது. ஐடிலில் எஞ்சின் ஏறி இறங்குகிறது, செக் எஞ்சின் லைற்றும் எரிகிறது. சில நேரம் நெடி வந்து கண் எரிகிறது. சென்சாரை ஏமாற்றும் பெட்டி ஒன்றைப் பூட்டினால் சரிவரும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
(ஒரு வாசகர், மல்லாவி)

பதில்: தம்பி, இந்தப் பதிலை வாசித்து முடிக்கும் வரை அந்தச் சுவிட்சைப் போடாதீர்கள்.

கண் எரியும் நெடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை உங்கள் வயதுக்காரர் இடிந்த கட்டடமாகத்தான் பார்த்திருப்பீர்கள். அது ஓடிய காலத்தில் ஆனையிறவு உப்பைக் கரைத்து, அதற்குள் மின்சாரத்தை விட்டு, கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். உப்புத் தண்ணீருக்குள் மின்சாரம் போனால் மைனஸ் பக்கம் ஐதரசன் வரும், பிளஸ் பக்கம் குளோரின் வரும். அதே வேலைதான் உங்கள் பொனற்றுக்குள் நடக்கிறது. வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டால் ஒரு மணம் வருமே, அந்த மணம்தானா என்று நினைத்துப் பாருங்கள். அதுவாக இருந்தால் அந்த வாயு நெஞ்சுக்கும் கூடாது, எஞ்சினுக்கும் கூடாது.

தண்ணீரில் தெரியும் மண்ணிறம் கறல். உப்பு எவர்சில்வரைத் தின்னும், அதிலும் பிளஸ் பக்கத் தகடுகளை விடவே விடாது. வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள், ஊசியால் குத்தியது போலக் குழி குழியாக இருக்கும். மைனஸ் பக்கத் தகடுகளில் வெள்ளையாக ஒரு படை பிடித்திருக்கும். அது கேத்தலின் அடியில் பிடிக்கும் அதே சுண்ணாம்பு. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் அப்படி. கறலோடு சேர்ந்து எவர்சில்வரில் உள்ள குரோமியமும் கரைந்து வரும். குரோமியத்தின் ஒரு வடிவம் புற்றுநோயை உண்டாக்கும். அதனால் அந்தத் தண்ணீரை வளவுக்குள் ஊற்ற வேண்டாம், வாய்க்காலிலும் ஊற்ற வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு ஒரு பிளாஸ்ரிக் கானுக்குள் ஊற்றி, இறுக்கி மூடி, என்னவென்று எழுதி, பிள்ளைகள் எடுக்காத இடத்தில் வையுங்கள். வன்னியில் கிணறும் வயலும் வீடும் ஒரே வளவுக்குள் இருக்கிறபடியால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

பியூஸ் எரிவதற்குக் காரணம் நீங்கள் வயர் கொடுத்த முறை. தண்ணீரைப் பிரிக்க இரண்டு தகடுகளுக்கு நடுவே இரண்டு வோல்ற் அளவு இருந்தால் போதும். நீங்கள் மாறி மாறிக் கொடுத்ததால் ஒவ்வொரு இடைவெளியிலும் முழு 13.8 வோல்ற்றும் நிற்கிறது. வாயு எடுக்கத் தேவையானதைத் தவிர மிச்சம் எல்லாம், பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்ட, வெறும் சூடாகப் போகிறது. தண்ணீர் சூடாக ஆக மின்சாரம் இன்னும் இலகுவாக ஓடும், ஓட ஓட இன்னும் சூடாகும். அரை மணித்தியாலத்தில் பியூஸ் போகாவிட்டால்தான் அதிசயம். பியூஸ் சரியாகத்தான் வேலை செய்கிறது. 30 போய் 40 போடுவோம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வயர் எரியும்.

விஷயம் தெரிந்தவர்கள் ஏழு தகடுகள் வைத்து, இரண்டு கரைத் தகடுகளுக்கு மட்டும் வயர் கொடுப்பார்கள். நடுவில் உள்ள ஐந்தும் சும்மா நிற்கும். ஆறு இடைவெளிகளும் மின்னழுத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும், ஒன்றுக்கு 2.3 வோல்ற். சூடு குறையும். தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேனே தவிர, அப்படிச் செய்து பாருங்கள் என்பதற்காக அல்ல.

ஐடில் ஏறி இறங்குவதைக் கண்டுபிடிப்பது இலகு. சுவிட்சைப் போடாமல் எஞ்சினை மட்டும் ஸ்ராட் பண்ணுங்கள். மானிபோல்ட்டுக்குப் போகும் ஹோஸைக் குறட்டினால் மடித்து நெரியுங்கள். ஐடில் அமைதியானால் கள்ளக் காற்று அந்த வழியாகத்தான் போகிறது, செக் எஞ்சின் லைற்றுக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். பிறகு எஞ்சினை நிறுத்தி, எயர் ஹோஸைக் கழற்றி, துரொட்டில் தட்டையும் ஹோஸ் வந்து சேரும் துவாரத்தையும் ரோச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ உப்புப் படிவோ இருந்தால், வாயுவோடு உப்புத் தண்ணீரும் உள்ளே போயிருக்கிறது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு, பிளக்குகளையும் கழற்றிப் பாருங்கள்.

சென்சாரை ஏமாற்றும் அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். புகையில் மிஞ்சும் ஒட்சிசனை அளக்கும் ஒட்சிசன் சென்சார் பொய் சொன்னால் எஞ்சின் கம்ப்யூட்டர் பெற்றோலைக் குறைக்கும். காரில் ஆள் ஏற்றி மேட்டில் இழுக்கும்போது எஞ்சின் மிஸ் அடிக்கும். மிஸ் அடித்து எரியாமல் போகும் பெற்றோல் சைலன்சர் பக்கத்தில் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டருக்குள் போய் எரியும், அது உருகும். அதன் விலையை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

இனி, பெற்றோல் மிச்சமாகுமா என்ற கணக்கு. எல்லாவற்றையும் திருத்திவிட்டீர்கள் என்றே வைப்போம். ஏழு நல்ல தகடுகள், பற்றறிக்கு விடும் சுத்தத் தண்ணீர், சரியான இரசாயனம், 20 அம்பியர். மைக்கேல் பரடே 1830களில் கண்ட விதிப்படி, அதில் இருந்து நிமிடத்துக்கு உச்சமாக 1.3 லீற்றர் அளவு வாயு வரும். மூன்றில் இரண்டு பங்கு ஐதரசன், மிச்சம் ஒட்சிசன். உங்கள் எஞ்சினோ 2,000 சுற்றில் நிமிடத்துக்கு 1,500 லீற்றர் கொள்ளளவை நிரப்பி வெளியேற்றுகிறது. அந்த ஐதரசன் எரிந்தால் வரும் சக்தி ஏறத்தாழ 150 வாற்று. எஞ்சின் அதில் கால்வாசியைத்தான் சில்லுக்குக் கொடுக்கும், 40 வாற்றுக்கும் குறைவு, ஒரு மேசை விசிறி அளவு. இதற்காக நீங்கள் கொடுக்கும் மின்சாரம் 276 வாற்று. அதை உண்டாக்க ஒல்டனேற்றர் எஞ்சினிடம் இருந்து 500 வாற்று அளவு பிடுங்கும். அந்த 500ஐக் கொடுக்க எஞ்சின் எரிக்கும் பெற்றோல் மணித்தியாலத்துக்கு 200 மில்லிலீற்றர் அளவு வரும். மிச்சம் எங்கே, தம்பி?

ஐதரசன் பெற்றோலை முழுதாக எரிய வைக்கும் என்றும் விற்கிறவர்கள் சொல்வார்கள். ஒழுங்காக இருக்கும் எஞ்சினில் நூற்றுக்கு 97, 98 பங்கு பெற்றோல் ஏற்கெனவே எரிந்துதான் போகிறது. நட்டம் றேடியேற்றர் சூட்டிலும் சைலன்சர் சூட்டிலும். அங்கே ஐதரசனுக்கு வேலை இல்லை.

முதல் கிழமை மிச்சம் பிடித்தது என்கிறீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். புதிதாக ஒன்றைப் பூட்டினால் கால் தானாகவே அக்சிலேற்றரில் மெதுவாகப் படும். பெற்றோல் முள்ளைப் பார்த்துக் கணக்குப் பிடிக்காமல், ஒரே எரிபொருள் நிலையத்தில், ஒரே பம்பில், தானாக நிற்கும் வரை அடித்து, 300 கிலோமீற்றர் ஓடி, மறுபடி அதே பம்பில் அடித்துப் பாருங்கள். செற்றோடு மூன்று தரம், இல்லாமல் மூன்று தரம் பார்க்கச் சொல்லியிருப்பேன். ஆனால் இந்தச் செற்றோடு இனி ஒரு தரமும் ஓட வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்று சொல்ல வேண்டும். 2022 இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. பிறகு கியூஆர் பங்கீடு வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றானது. கராஜுக்கு வருகிற ஒவ்வொருவரும் இதையே கேட்டார்கள். நானும் ஒன்று செய்தேன். ஏழு தகடுகள், கோஸ்ரிக் சோடா, எல்லாம் முறைப்படி. வாயு தண்ணீருக்குள்ளால் குமிழியாக வந்து போக ஒரு ஜாம் போத்தலும் வைத்தேன், எஞ்சினில் இருந்து தீ திரும்பி வந்தால் தண்ணீரில் அணைந்துவிடும் என்பதற்காக. பழைய கார்பரேற்றர் எஞ்சின் ஒன்றில் கொடுத்து ஓடவிட்டோம். நாலு நாள் நன்றாகத்தான் ஓடியது. ஐந்தாம் நாள் ஜாம் போத்தலில் தண்ணீர் ஒரு விரல் அளவுக்கு வற்றியிருந்ததை நான் கவனிக்கவில்லை. எஞ்சின் ஒருமுறை கார்பரேற்றர் வழியாகத் திருப்பி அடித்தது. தீ ஹோஸ் வழியாக ஓடி வந்தது கண்ணில் படவே இல்லை. வெடி மட்டும்தான் கேட்டது. போத்தல் மூடி கூரைத் தகரத்தில் அடித்து அதை நெளித்துவிட்டது. கண்ணாடித் துண்டுகள் மரக் கதவில் ஏறியிருந்தன. எப்போதும் அந்த மேசையடியில் நிற்கும் பெடியன் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தான். எனக்கு இரண்டு நாள் காது கேட்கவில்லை. நெளிந்த அந்தத் தகரத்தை நான் இன்னும் மாற்றவில்லை.

ஐதரசன் காற்றில் 4 சதவீதத்தில் இருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் பற்றும். பெற்றோல் ஆவிக்கு அந்த வரம்பு ஒன்றரையில் இருந்து ஏழரை சதவீதம் அளவுதான். அதோடு உங்கள் போத்தலில் வருவது ஒட்சிசனும் கலந்தே வரும் வாயு. வெளிக்காற்று இல்லாமலே வெடிக்கும்.

தண்ணீரில் கார் ஓட்டலாம் என்று நம்பியதற்காக உங்களை நான் குறை சொல்லவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் இதே வன்னியில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாங்கள். சேலைன் குழாயால் கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். புகை கண்ணைக் கரிக்கும், ஆனால் வண்டி ஓடியது, ஏனென்றால் மண்ணெண்ணெய்க்குள் எரிய ஒன்று இருந்தது. தண்ணீருக்குள் அது இல்லை. ஐதரசன் எரிந்து முடிந்த சாம்பல்தான் தண்ணீர். அந்தச் சாம்பலை மறுபடி விறகாக்கும் செலவை உங்கள் பெற்றோல் ராங்க்தான் கொடுக்கிறது.

சரி, கழற்றும் விதம். எஞ்சின் முழுதாக ஆறட்டும். வெட்டையில் காரை விட்டு, பொனற்றைத் திறந்து பத்து நிமிடம் காற்றாட விடுங்கள். பக்கத்தில் சிகரெட் கூடாது. முதலில் பற்றறியின் மைனஸ், பிறகு செற்றின் வயர், பிறகு ஹோஸ். வயரைப் பாதியில் வெட்டி ரேப் சுற்றி விடாமல் பற்றறி வரை முழுதாக எடுங்கள். மானிபோல்ட்டில் நீங்கள் எடுத்த துவாரத்தை றப்பர் மூடியும் கிளிப்பும் போட்டு இறுக்குங்கள். போத்தல் இருந்த இடத்துக்குக் கீழே உப்புத் தண்ணீர் சொட்டியிருந்தால் நன்றாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பொடியில் கறல் பிடிக்கும்.

அதன் பிறகு ஒன்றைப் பாருங்கள். வெக்கை என்று சொல்லி எங்கள் பக்கத்தில் தேர்மோஸ்ரற் வால்வைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் இருக்கிறது. உங்கள் காரிலும் கழற்றியிருந்தால் எஞ்சின் சூடேறாது. சூடேறாத எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் கூடப் பெற்றோல் கொடுத்துக்கொண்டே இருக்கும். வெப்ப முள் நடுவுக்கு வராமல் கீழேயே நின்றால் அதுதான். புது வால்வு ஒன்று போடுங்கள். ரயர் காற்றைக் காலையில், ஓடுவதற்கு முன் பாருங்கள். நீங்கள் தேடும் மிச்சம் இந்த இரண்டிலும் இருக்கக்கூடும்.

கேள்வி: அப்படியென்றால் ஐதரசன் கார் என்பதே பொய்யா?
(ஒரு ஆசிரியர், புதுக்குடியிருப்பு)

பதில்: பொய் இல்லை. டொயோட்டா மிராய் 2014 இல் விற்பனைக்கு வந்தது. அதில் ஐதரசனை வேறெங்கோ உண்டாக்கி, 700 பார் அழுத்தத்தில் ராங்கில் அடைத்துக் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். அதில் இருந்து மின்சாரம் எடுத்து மோட்டாரை ஓட்டுகிறது, சைலன்சர் பக்கம் தண்ணீர் வருகிறது. காருக்குள்ளேயே தண்ணீரைப் பிரிக்கும் வேலை அதில் கிடையாது.

கேள்வி: என் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் கறுப்புப் புகை தள்ளுகிறது. ஐதரசன் செற் பூட்டினால் நிற்குமா?
(ஒரு விவசாயி, ஒட்டுசுட்டான்)

பதில்: வேண்டாம் ஐயா. உழவுப் புழுதி போய் எயர் கிளீனர் அடைத்திருக்கும். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்துக்குப் புது எண்ணெய் ஊற்றிப் பூட்டுங்கள். அதற்கும் புகை நிற்காவிட்டால் இன்ஜெக்ரரைக் கழற்றிக் கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறேன்.