புகையிலிருந்து பிடித்துவைத்த கரியமில வாயுவை எரிபொருளாக மாற்றுவது சாத்தியமா?

சாத்தியம்தான், ஐஸ்லாந்தில் செய்தே காட்டிவிட்டார்கள். ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையம் வெளியிடும் கரியமில வாயுவைப் பிடித்து, எரிபொருளாகப் பயன்படும் ஒருவகை ஆல்கஹாலான மெத்தனாலைத் தயாரிக்கும் ஆலை 2012-இல் அங்கே தொடங்கியது. ஆண்டுக்கு 4,000 டன் கொள்ளளவு. உலகத் தேவைக்கு முன் இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

உதைப்பது மின்சாரக் கணக்கு. கரியமில வாயு ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். அதோடு ஹைட்ரஜனைக் கலந்து, உயர் அழுத்தத்தில், செம்பு வினையூக்கியின் மேல், 250 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் செலுத்தினால் மெத்தனாலும் தண்ணீரும் கிடைக்கும். அந்த ஹைட்ரஜனை நீரிலிருந்து பிரிக்க கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். ஒரு கிலோ மெத்தனாலுக்கு இதற்கு மட்டுமே சுமார் 10 யூனிட். எரித்தால் திரும்பக் கிடைப்பதோ ஐந்தரை யூனிட் வெப்பம்; எஞ்சினில் ஊற்றினால் அதிலும் பாதிக்கு மேல் வீணாகும்.

நிலக்கரி மின்சாரத்தில் இதைச் செய்வது சுத்த அபத்தம்: பிடித்த வாயுவைவிடப் பல மடங்கு புதிதாக வெளியேறும். காற்றிலிருந்தே பிடிப்பது இன்னும் செலவு, அதில் 0.04 சதவீதம்தான் இருக்கிறது.

என் கணிப்பில், கார்களுக்கு பேட்டரியே போதும். பேட்டரி தாங்காத கப்பல்களுக்கும் நெடுந்தூர விமானங்களுக்கும், காற்றாலை மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் இடங்களில் மட்டும் இது கட்டுப்படியாகலாம்.