முதல் செமஸ்டர் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா,

நான் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். பிளஸ் டூவில் 600க்கு 547, பள்ளியில் இரண்டாவது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைத்தது. எங்கள் தெருவிலிருந்து இன்ஜினியரிங் படிக்கப் போன முதல் பெண் நான்தான்.

வந்து இரண்டு மாதம் ஆகிறது. முதல் இன்டர்னலில் கணக்கில் நூற்றுக்கு 22. பள்ளியில் கணக்கில் 98 வாங்கியவள் நான். சார் நடத்தும்போது புரிகிற மாதிரி இருக்கிறது, ரூமுக்கு வந்து நோட்டைத் திறந்தால் ஒன்றும் ஓடவில்லை. எல்லாம் இங்கிலீஷ். ரூமில் மற்ற மூன்று பேரும் சிபிஎஸ்இ. சார் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்கிறார்கள். எனக்கு எழுந்து நின்று சந்தேகம் கேட்கவே பயம். வெள்ளிக்கிழமை ஆனால் பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது அழுகையாக வருகிறது. கோட்டாவில் வந்ததால்தான் என்னால் முடியவில்லையோ? இப்போதே விட்டுவிட்டு அடுத்த வருடம் ஊர்ப் பக்கம் பி.எஸ்சி. சேர்ந்துவிடலாமா? அம்மாவிடம் மார்க்கை இன்னும் சொல்லவில்லை.

எஸ். (பெயர் வேண்டாம் அம்மா)

அன்புள்ள எஸ்.,

உன்னை நீ என்றே எழுதுகிறேன். பொறியியல் கல்லூரியில் நெடுங்காலம் முதலாண்டுக்குக் கணக்கு நடத்தியவள் நான். பிள்ளைகளை அப்படிக் கூப்பிட்டே பழகிவிட்டது.

நீ கேட்டிருக்கும் எல்லாக் கேள்விக்கும் அடியில் ஒரே வரிதான் இருக்கிறது: "நடத்தும்போது புரிகிறது, ரூமுக்கு வந்தால் ஓடவில்லை." என் வகுப்பில் வருடா வருடம் கேட்ட வரி இது. தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் சொன்னார்கள், மெட்ரிக்கில் படித்தவர்களும் சொன்னார்கள், மாவட்ட அளவில் மார்க் எடுத்து வந்தவர்கள்கூடச் சொன்னார்கள். அதனால் முதலில் இதை எடுத்துக்கொள்கிறேன்.

பிளஸ் டூவில் உன்னைப் படிக்க வைத்தது யார் என்று கொஞ்சம் நினைத்துப் பார். காலையில் மணியடிப்பதற்கு முன்னாலேயே ஸ்பெஷல் கிளாஸ். நேற்று நடத்திய பாடத்தில் இன்று ஸ்லிப் டெஸ்ட். காலாண்டு, அரையாண்டு, அப்புறம் வரிசையாக ரிவிஷன். பப்ளிக்கில் எது வரும் என்று புத்தகத்தில் ஸ்டார் போட வைத்திருப்பார் டீச்சர். ஒரே பயிற்சிக் கணக்கை அந்த வருடத்தில் நீ பல தடவை எழுதியிருப்பாய், எண்ணிக்கூடப் பார்த்திருக்க மாட்டாய். அந்த 98 உன் உழைப்புதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த உழைப்பை நாள் நாளாகப் பிரித்து, இன்றைக்கு இது, நாளைக்கு அது என்று உன் கையில் கொடுத்தவர் டீச்சர். கல்லூரியில் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. இனிமேல் அது உன் வேலை என்று உன்னிடம் யாரும் சொல்லவும் இல்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. முதலாண்டு மாணவர்களுக்கு வாரக்கணக்கில் அறிமுக வகுப்பு நடத்துகிறோம், யோகா சொல்லிக்கொடுக்கிறோம், தொழிலதிபர்களைக் கூப்பிட்டுப் பேச வைக்கிறோம். ஒரு சிலபஸ் காப்பியை எப்படிப் படிப்பது என்று அரை மணி நேரம் உட்கார வைத்துச் சொல்பவர்கள் குறைவு.

அதை இங்கே சொல்லிவிடுகிறேன். உன் கணக்குப் பாடத்தின் சிலபஸை எடு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது பாடத்திட்ட விதிமுறையில், முதல் செமஸ்டர் கணக்குக்கு 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' என்று பெயர், ஐந்து யூனிட். ஒவ்வொரு யூனிட் தலைப்புக்கும் எதிரே 9+3 என்று போட்டிருக்கும். ஒன்பது பீரியட் பாடம் நடத்த, மூன்று பீரியட் டுடோரியலுக்கு. உன் கல்லூரி தன்னாட்சி பெற்றதாக இருந்தாலோ, உன் பேட்சுக்கு ரெகுலேஷன் மாறியிருந்தாலோ பெயரும் எண்ணும் கொஞ்சம் மாறலாம், கதை ஒன்றுதான். ஆக மொத்தம் ஒரு யூனிட்டுக்குப் பன்னிரண்டு பீரியட். பள்ளியில் இதே அளவுப் பாடத்தை நிறுத்தி நிதானமாக நடத்தி, திரும்பவும் ஒரு சுற்று வந்திருப்பார்கள். இங்கே ஒரு கணக்கு ஒரு தடவைதான் போர்டுக்கு வரும். இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் உன் ரூமில் நடக்க வேண்டும், அதுவும் அன்று ராத்திரியே. நான்கு நாள் கழித்து நோட்டைத் திறந்தால் சார் மூன்று ஸ்டெப்பை ஒன்றாக எழுதிய இடம் எதுவும் ஞாபகம் இருக்காது. உனக்கு 'ஓடாத' இடம் அதுதான்.

அடுத்து இங்கிலீஷ். முதல் யூனிட்டில் வரும் ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். மூன்றுக்கு மூன்று அணி ஒன்றைக் கொடுத்து ஐகன் வேல்யூ, ஐகன் வெக்டர் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். 'கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன்' என்று சார் போர்டில் எழுதும்போது உனக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது? முதன்மை மூலைவிட்டத்தில் இருக்கும் மூன்று எண்களிலிருந்தும் லாம்டாவைக் கழித்துவிட்டு, அந்த அணிக்கோவையை விரித்துப் பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்த வேண்டும். அணிக்கோவையை விரிப்பது நீ பிளஸ் ஒன்னில் போட்டது. விரித்தால் மூன்றாம் படிச் சமன்பாடு வரும். அது பிளஸ் டூவில் சமன்பாட்டியல் பாடம். ஒன்று, இரண்டு, மைனஸ் ஒன்று என்று போட்டுப் பார்த்து ஒரு மூலத்தைப் பிடித்துவிட்டால், மீதியைத் தொகுமுறை வகுத்தலில் இருபடியாக்கிவிடலாம். அதை ஒன்பதாம் வகுப்பிலேயே படித்துவிட்டாய். கிடைத்த மூன்று மதிப்பையும் கூட்டிப் பார். கொடுத்த அணியின் மூலைவிட்ட எண்களைக் கூட்டினால் என்ன வருமோ அதுவே வரவேண்டும். பெருக்கினால் கொடுத்த அணியின் அணிக்கோவை மதிப்பு வரவேண்டும். இரண்டும் சரியாக வந்துவிட்டால் கிட்டத்தட்ட உறுதி, விடையை யாரிடமும் காட்டிக் கேட்கத் தேவையில்லை. ஐகன் வெக்டர் காண்பதும் புதிதல்ல. பிளஸ் டூ முதல் அத்தியாயத்தில் சமபடித்தான சமன்பாட்டுத் தொகுப்பு என்று ஒன்று போட்டாயே, அதேதான்.

உன் கையில் இருப்பதை உன் புது வகுப்பு வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. இதற்கு ஒரு வழி சொல்கிறேன், என் மாணவர்கள் பலருக்கு இது பிடிமானமாக இருந்தது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப் புத்தகங்களை ஹாஸ்டலுக்கு எடுத்து வா. அவற்றின் ஆங்கில வழிப் புத்தகம் பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அத்தியாயமும் பயிற்சியும் அதே வரிசையில் இருக்கும். போனில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, நீ மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்கும் கணக்கையே இங்கிலீஷில் ஒரு முறை எழுது. பரீட்சையில் கணக்குக்குத் தேவைப்படும் இங்கிலீஷ் ரொம்பக் கொஞ்சம்: கிவன், லெட், சப்ஸ்டிட்யூட்டிங், ஹென்ஸ். மனதுக்குள் தமிழிலேயே யோசி, கை இங்கிலீஷில் எழுதட்டும். இரண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று யாரும் உன்னைக் கேட்கவில்லை. இயற்பியலும் வேதியியலும் இதே மாதிரிதான். அங்கே வாக்கியம் கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பைத்தான் என்ற கணினி மொழி மட்டும் உனக்கு நிஜமாகவே புதிது. அதற்கு லேப் நேரத்தில் பக்கத்து சிஸ்டத்தை எட்டிப் பார்க்காமல் நீயே டைப் செய்து, தப்பு வந்து, திருத்திப் பழகுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ரூமில் இருக்கும் மூன்று பேரைப் பற்றி. அவர்களில் யாராவது ஜேஇஇ கோச்சிங் போயிருந்தால், இப்போது நடக்கும் பாடத்தில் பாதியை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். அதனால்தான் கேள்வி முடிவதற்குள் பதில் வருகிறது. அந்த முன்தொடக்கம் ஒரு செமஸ்டர், மிஞ்சினால் இரண்டு செமஸ்டருக்குத் தாங்கும். அப்புறம் வரும் சர்க்யூட்டும் சிக்னலும் எல்லாருக்கும் புதுசு. இன்னொன்றும் சொல்கிறேன், இது விடைத்தாள் திருத்திய அனுபவம். நாலு விடையில் ஒன்றை டிக் அடித்தே பழகிய பிள்ளைகள் ஸ்டெப் எழுதாமல் தாவிவிடுவார்கள். செமஸ்டர் பேப்பரில் பெரிய கேள்விக்கு மார்க் விழுவது ஸ்டெப்புக்கு. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கோடு போட்டு, வரிசையாக, காரணம் எழுதிப் போடுவார்கள். உன் டீச்சர் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது, இங்கே வந்து விட்டுவிடாதே. உன் பாடத்திட்டத்தில் 'தமிழர் மரபு' தாள் இருந்தால் அதில் நீ ரூமுக்கே டீச்சராக இருக்கலாம். நடுகல்லையும் கரகாட்டத்தையும் தமிழில் விளக்கி எழுதத் திணறுகிறவர்களுக்கு நீ சொல்லிக்கொடு, பதிலுக்குப் பைத்தான் கேள். சேர்ந்து படிக்கிற பழக்கம் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

சந்தேகம் கேட்கிற பயத்துக்கு வருகிறேன். அறுபது பேர் நடுவில் எழுந்து நின்று கேட்பது கஷ்டம்தான், அதை நீ கட்டாயமாகச் செய்ய வேண்டியதில்லை. டுடோரியல் பீரியட் இருக்கிறது, ஸ்டாஃப் ரூம் இருக்கிறது. வெறும் கையோடு போகாதே. "எதுவுமே புரியல சார்" என்று வந்து நிற்கும் பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்குவது என்று ஆசிரியருக்கும் தெரியாது. கணக்கைப் போட்டுப் பார்த்து, நின்ற இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போ. "சார், இந்த மூணாவது ஸ்டெப் எப்படி வந்துச்சுன்னு தெரியல" என்று தமிழிலேயே கேள். இரண்டு நிமிஷத்தில் சொல்லி அனுப்பிவிடுவார். ஒருவேளை அவர் முகம் சுளிக்கிறவராக இருந்தால், அதே பாடத்தை அடுத்த செக்‌ஷனுக்கு எடுப்பவரிடம் போ. யாரிடம் வேண்டுமானாலும் கேட்க உனக்கு உரிமை உண்டு. இப்போதே ஒரு வேலை செய்யலாம்: அந்த 22 மார்க் பேப்பரை எடுத்து, விட்டுப்போன கணக்குகளை நீயாகப் போட்டு, நின்ற இடங்களைக் குறித்துக்கொண்டு இந்த வாரமே போய்விடு. பேப்பர் கொடுத்த சூட்டோடு கேட்டால் ஆசிரியர்கள் பொறுமையாகச் சொல்வார்கள். என் வகுப்பில் அப்படி வந்த பிள்ளைகளை எனக்கு இப்போதும் முகம் ஞாபகம் இருக்கிறது.

மார்க் கணக்கையும் பார்த்துக்கொள். 2017 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 20, செமஸ்டர் 80. 2021இல் அது 40க்கு 60 ஆனது. உன் பேட்சுக்கு எது என்று ரெகுலேஷன் புத்தகத்தில் நீயே படித்துத் தெரிந்துகொள். சீனியர் சொல்வது அவர் பேட்ச் கணக்காக இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் ஒரு இன்டர்னல் டெஸ்ட் என்பது மொத்தத்தில் சின்னத் துண்டு. 22 வாங்கியவர்கள் முதல் செமஸ்டரிலேயே பாஸாகி நான் பார்த்திருக்கிறேன். அரியர் வைத்து அடுத்ததில் முடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களும் இன்று வேலையில்தான் இருக்கிறார்கள்.

கோட்டா பற்றி நீ எழுதியதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் தொழிற்படிப்புகளில் விரல்விட்டு எண்ணும்படி இருந்ததால்தான் 2020இல் மருத்துவத்துக்கும், நீதிபதி முருகேசன் குழு ஆராய்ந்து சொன்ன பிறகு 2021இல் பொறியியலுக்கும் இந்த ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அதற்குள்ளும் கட் ஆஃப் உண்டு, ரேங்க் உண்டு. உன்னைப் போன்ற ஆயிரக்கணக்கான பிள்ளைகளோடு போட்டி போட்டுத்தான் அந்த இடத்தை நீ எடுத்தாய். வகுப்பில் யாராவது இதை வைத்துக் கிண்டல் செய்தால் பொறுத்துக்கொண்டு போகாதே, உன் டியூட்டரிடம் சொல்.

பி.எஸ்சி. நல்ல படிப்பு. இயற்பியலோ கணிதமோ உனக்கு உயிர், அதில் ஆராய்ச்சி வரை போக வேண்டும் என்று எழுதியிருந்தால் சேர் என்றே சொல்லியிருப்பேன். நீ அப்படி எழுதவில்லை. பயந்து ஓடுவதற்கு ஒரு இடம் கேட்கிறாய். அங்கேயும் செமஸ்டர்தான், அங்கேயும் ஸ்டார் போட்டுக் கொடுக்க டீச்சர் இருக்க மாட்டார். இரண்டு செமஸ்டர் முடித்துவிட்டு, அப்போதும் இதே எண்ணம் இருந்தால் எழுது, உட்கார்ந்து பேசுவோம்.

அழுகை வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதினேழு வயது வரை வீட்டை விட்டு ஒரு ராத்திரி தங்காத பிள்ளைக்கு வேறு என்ன வரும்? ஆனால் சாப்பாடு இறங்காமல், தூக்கம் இல்லாமல் நாட்கள் போனால் அது வேறு விஷயம். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு போன் செய், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். ஹாஸ்டல் வார்டனிடமும் சொல்லி வை.

கடைசியாக வெள்ளிக்கிழமை பஸ். கோவையிலிருந்து சேலம் போய், ஆத்தூர் வழியாக ஊர் சேர நள்ளிரவு ஆகிவிடும். சனிக்கிழமை தூக்கத்தில் போகும், ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதில் போகும். அந்த வாரம் நடத்திய பாடத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்க உனக்கு இருக்கும் இரண்டே நாள் இவைதான். ஹாஸ்டல் ஊர் மாதிரி ஆவதற்கும் நீ அங்கே சில ஞாயிற்றுக்கிழமைகளாவது இருக்க வேண்டும். இந்த வாரம் போகாதே. அம்மாவுக்கு போன் செய்து 22 என்று சொல்லிவிடு, ஏன் வரவில்லை என்பதையும் சொல். அவர் கோபப்படுவார் என்று நீ நினைக்கிறாய், எனக்கு அப்படித் தோன்றவில்லை. மார்க்கை ஒளித்துவைத்துக்கொண்டு வாரா வாரம் வாடிய முகத்தோடு வந்து நிற்கும் மகளைப் பார்த்து, என்ன நடக்கிறதென்று தெரியாமல் அவர் தவித்துக்கொண்டிருப்பார். தீபாவளிக்குப் போ. போகும்போது முதல் யூனிட்டை முடித்துவிட்டுப் போ, வரும்போது அந்த இரண்டு புத்தகத்தையும் மறக்காமல் எடுத்து வா.