வீசிங் உள்ள பிள்ளைக்கு முட்டையையும் இறாலையும் நிறுத்த வேண்டுமா?

ஆறு வயது மகனுக்கு ஆஸ்துமா இருப்பதால் முட்டை, இறால், வாழைப்பழம் அனைத்தையும் நிறுத்தச் சொல்கிறார்கள், ஆய்வுகள் என்ன கூறுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை நடத்துகிறேன். மருத்துவரின் சொல்லுக்கு மாற்றாக இதைக் கொள்ள வேண்டாம்.

தோல் தடிப்போ வாந்தியோ உதட்டு வீக்கமோ இல்லாமல், உணவினால் இழுப்பு மட்டும் தனியாக வருவது அரிது. சளிக்காய்ச்சல், தலையணைத் தூசியில் வாழும் நுண்பூச்சி, கரப்பான், கொசுவர்த்திப் புகை, எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புகை ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும். வாழைப்பழத்தை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது, லாரியை நிறுத்துவது இல்லை. பழி பழத்தின் மேல் விழுவதற்கு அதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்தாலே ஒவ்வாமை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கர்நாடகத்தில் பெரியவர்களிடையே நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், 26.5 விழுக்காட்டினரின் இரத்தத்தில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ (ஒவ்வாமையோடு தொடர்புடைய எதிர்ப்பொருள்) காணப்பட்டது. உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்டவர்களோ 1.2 விழுக்காட்டினர்தான். இறால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இறால் ஒவ்வாமையின் முதன்மைக் காரணியாக 1993இல் அடையாளம் காணப்பட்ட ட்ரோபோமயோசின் என்னும் புரதம், தூசி நுண்பூச்சியிலும் கரப்பானிலும் பெரிதும் ஒத்த வடிவில் இருப்பதால், காசிமேட்டு இறாலை எந்தச் சிக்கலுமின்றி உண்டுவருபவருக்கும், தூசி ஒவ்வாமை இருந்தால், இறாலுக்குப் பாசிட்டிவ் வரக்கூடும். உண்மையான இறால் ஒவ்வாமை வேறு வகை: அப்புரதம் வேகவைத்தாலும் அழியாது, சிலருக்கு இறால் வேகும் ஆவியே இழுப்பைக் கிளப்பும். அந்த ஒவ்வாமை ஒருவர் பெரியவரான பிறகும் புதிதாக வரலாம். 2019இல் வெளியான ஓர் அமெரிக்கக் கணக்கெடுப்பில், உணவு ஒவ்வாமை உள்ள பெரியவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஓர் ஒவ்வாமையாவது வயது வந்த பின்னரே தொடங்கியிருந்தது.

காரணமின்றி உணவை விலக்குவதிலும் கேடு உண்டு. எக்சிமா என்னும் தோல் அழற்சி கடுமையாகவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளைக் கொண்டு லண்டனில் நடந்து 2015இல் வெளியான லீப் ஆய்வில், நிலக்கடலை உணவு கொடுக்கப்பட்டவர்களிடையே ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைவாக இருந்தது.

ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத ஒருவருக்கு உண்மையான உணவு ஒவ்வாமையும் சேர்ந்திருந்தால், எதிர்வினை உயிருக்கு ஆபத்தாகும் வாய்ப்பு கூடுகிறது. என் கடையிலோ இதற்கு நேர்மாறாக, முட்டையை நிறுத்திவிட்ட கையோடு, பழகிப்போய்விடும் என்ற பயத்தில் இன்ஹேலரையும் நிறுத்திவிட்ட பெற்றோரைப் பார்க்கிறேன்.

உங்கள் மகன் இவற்றை இதுவரை தொல்லையின்றி உண்டிருந்தால் நிறுத்தத் தேவையில்லை. குறிப்பிட்ட ஓர் உணவை உண்ட இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்போ வீக்கமோ வந்திருந்தால், அதை மட்டும் விலக்கி ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டுங்கள். மீண்டும் கொடுத்துப் பார்க்கும் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். தடிப்புடன் மூச்சிரைப்பும் சேர்ந்தால் அலர்ஜி மாத்திரை போதாது, அட்ரினலின் ஊசி வேண்டும்; உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.