சிறுவயதில் வெளியே ஓடியாடியது ஏன் இவ்வளவு இனிக்கிறது?

கடந்துபோன நாட்களை நினைக்கும்போது மனம் மகிழ்ந்துகொண்டே வலிக்கிறதே, அதுதான் கடந்தகால ஏக்கம். நினைவு, முறத்தில் புடைப்பது போல வேலை செய்கிறது: கசப்பான உணர்வுகள் சீக்கிரம் மங்கிவிடும், மகிழ்ச்சி தங்கிவிடும். ஆட்டத்தில் சேர்க்காமல் ஒதுக்கிய நாட்கள் மறந்துபோகும்.

ஆனால் இந்த ஏக்கம் வெறும் மயக்கமும் அல்ல. பெரியவர்கள் தலையிடாமல் பிள்ளைகள் விதிகளைத் தாங்களே வகுத்து, சண்டை போட்டு, அப்புறம் சமாதானமாகித் திரும்ப ஆடும் சுதந்திரம் உண்மையிலேயே குறைந்திருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது. பயிற்சி வகுப்பு இதற்கு ஈடாகாது. விளையாட்டு குழந்தையின் உரிமை என்று ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையே (பிரிவு 31) சொல்கிறது.

இன்றைய பிள்ளைகளுக்கு வெளியே போக ஆசையில்லை, எல்லாம் கைபேசியால் வந்தது என்பது தவறான எண்ணம்: தெருவை வண்டிகள் பிடித்துக்கொண்டதும் பெற்றோரின் பயம் கூடியதும் சேர்ந்தே அவர்களை வீட்டுக்குள் வைத்திருக்கின்றன.