ரிஃப்ளெக்ஷன் நோட் எழுதச் சொல்கிறார்கள். களத்தில் வேலை செய்பவருக்கு அதனால் உண்மையிலேயே பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறதாம். வீடு வீடாகப் போகும் வேலை. மாதக் கடைசியில் 'இந்த மாதம் என்ன கற்றுக்கொண்டீர்கள்' என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம், அதற்குப் பெயர்தான் ரிஃப்ளெக்ஷன் நோட். எங்கேயாவது பார்த்து எழுதிக் கொடுத்துவிடுகிறேன், இதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா, இருந்தால் எப்படி எழுதுவது, மேலதிகாரி படிப்பாரே என்று கேட்டிருக்கிறார்.

பயன் உண்டு. ஆனால் நீங்கள் இப்போது எழுதுகிற விதத்தில் இல்லை. நானும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் எழுதினேன். 'பொறுமையின் அவசியத்தைக் கற்றுக்கொண்டேன்' என்று தொடர்ந்து எட்டு மாதம் கற்றுக்கொண்டிருக்கிறேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் தனியாக இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்ப்பது என் வேலை. பதினோரு வருஷம் ஆகிறது. "வயசானவுகளப் போய்ப் பாத்துட்டு வாறதுக்குச் சம்பளமா?" என்று என் மாமியார் இன்றைக்கும் கேட்பார். வெறுமனே பார்த்துவிட்டு வருவதுதான் வேலை என்றால் அவர் கேட்பதில் தப்பே இல்லை. நான் வெறுமனே பார்த்துவிட்டு வந்த கதைதான் இது.

செட்டிநாட்டு வீட்டைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு அதன் நீளம் தெரியாது. பெரிய வீடு என்றால் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், சுற்றிலும் அறைகள், அப்புறம் இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி, கிணற்றடி. கட்டுக்குக் கட்டு படியும் நிலைப்படியும். கல்யாணத்துக்கு ஊரே வந்து தங்கின வீட்டில் இன்றைக்கு ஒரே ஒரு ஆச்சி, இரண்டு அறையை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு இருப்பார். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். ஆத்தங்குடிக் கல் தரை மட்டும் பளபளவென்று இருக்கும், அதைத் துடைக்க ஆள் வரும்.

அப்படி ஒரு ஆச்சி வீட்டுக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போய்க்கொண்டிருந்தேன். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) போனால் வளவில் தூணோரம் நாற்காலி போட்டிருக்கும். காபியும் ஒரு தட்டில் சீப்புச் சீடையும் தயாராக இருக்கும். மாத்திரை டப்பாவைப் பார்ப்பேன், பி.பி. பார்ப்பேன், மகன் போன் செய்தாரா என்று கேட்பேன். பதிவேட்டில் நான் எழுதியது: 'ஆச்சி நலம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். சற்று மெலிந்திருக்கிறார். அன்பாக உபசரித்தார்.' அந்த 'சற்று மெலிந்திருக்கிறார்' மூன்று தடவை வந்திருக்கிறது. எழுதியவளும் நான்தான், கவனிக்காதவளும் நான்தான்.

ஒரு நாள் பஸ்ஸை விட்டுவிட்டு, குறுக்கே போகலாமென்று பின்தெரு வழியாக நடந்தேன். அங்கே ஒரு அம்மா என்னைப் பார்த்ததும், "இன்னைக்கா வர்றீக? ஆச்சி காபி வாங்கிவைக்கச் சொல்லலையே" என்றார். எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னார். அடுப்படியில் அடுப்புப் பற்றவைத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. இரண்டாம் கட்டுப் படியில் ஆச்சி வழுக்கி விழுந்ததிலிருந்து அந்தப் பக்கம் போகவே பயம். பன், பிஸ்கட், சாயங்காலம் யாராவது கடையில் வாங்கித் தரும் இட்லி. நான் வருகிற அன்றைக்கு மட்டும் அடுத்த வீட்டிலிருந்து காபி. மகனுக்குத் தெரிந்தால் சென்னைக்குக் கூட்டிப்போய் ஃப்ளாட்டில் வைத்துவிடுவான் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி கோபமாக ஒரு பக்கம் எழுதினேன். ஆச்சி உண்மையை மறைத்தார், குடும்பம் கவனிக்கவில்லை, பக்கத்து வீட்டார் முன்பே சொல்லியிருக்கலாம். எங்களோடு வேலை பார்த்த ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா ஒருவரிடம் மறுநாள் காட்டினேன். படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அவுக மறைச்சாக, சரி. நீ எங்க உக்காந்திருந்த?"

வளவில். எப்போதும் வளவில்தான். ஒரு தடவைகூட இரண்டாம் கட்டைத் தாண்டியதில்லை. ஏன் போகவில்லை என்றார். மரியாதைக்குத்தான் என்றேன். "யாருக்கு மரியாதை?" என்று கேட்டுவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இதற்குப் பதில் எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. என் அப்பத்தா இந்த மாதிரி ஒரு வீட்டில்தான் மாவு இடிக்கவும் பாத்திரம் தேய்க்கவும் போய்க்கொண்டிருந்தது. பின்தெரு வாசல் வழியாக உள்ளே போகும், அதே வழியாக வெளியே வரும். சின்னப் பிள்ளையில் நான் அந்த வாசல்படியில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறேன். இப்போது கழுத்தில் அடையாள அட்டையைப் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாகப் போய், வளவில் நாற்காலியில் உட்கார்ந்து, ஆச்சி கையால் காபி வாங்கிக் குடிக்கிறேன். அந்தப் பெருமையில் நான் ஆச்சியைப் பார்க்கவே இல்லை, டம்ளரைத்தான் பார்த்திருக்கிறேன். உள்கட்டுக்குப் போனால் மறுபடியும் பின்வாசல்காரி ஆகிவிடுவேனோ என்று உள்ளூர ஒரு கூச்சம். என் அப்பத்தா அந்த வீட்டுக்குப் போயிருந்தால், பின்வாசலில் காலை வைத்ததுமே அடுப்பு எரியவில்லை என்று சொல்லியிருக்கும்.

ரிஃப்ளெக்ஷன் என்று எதைக் கேட்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். இரண்டு வருஷம் மற்றவர்களைப் பற்றியே எழுதியிருந்தேன். அந்த அறையில் நானும் ஒரு ஆள் இருந்தேன் என்பது நோட்டில் எங்கேயும் இல்லை.

இனி எப்படி எழுதுவது என்பதற்கு வருகிறேன். பயிற்சி வகுப்புகளில் கிரகாம் கிப்ஸ் 1988-இல் தந்த வட்டத்தைக் கொடுப்பார்கள்: நடந்தது, தோன்றிய உணர்வு, நல்லது கெட்டது, ஏன் அப்படி, முடிவு, அடுத்து என்ன செய்யலாம் என்று ஆறு படி. வகுப்பில் கற்றுக்கொள்ள நல்லது. ஆறு வீடு போய்விட்டு வந்த ராத்திரியில் ஆறு தலைப்பு எழுத யாருக்குத் தெம்பு இருக்கிறது? எனக்குப் பிடித்தது டெரி போர்ட்டன் என்ற அமெரிக்கர் 1970-இல் சொன்ன மூன்று கேள்வி. என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன. பஸ்ஸில் வரும்போதே எழுதிவிடலாம். நான் அதோடு அக்காவின் கேள்வியையும் சேர்த்துக்கொண்டேன்: நான் எங்கே உட்கார்ந்திருந்தேன்?

எல்லா வீட்டைப் பற்றியும் எழுதாதீர்கள். வாரத்துக்கு ஒன்று போதும். எந்த வீட்டிலிருந்து வந்த பிறகு மனசு உறுத்துகிறதோ, அல்லது எந்த வீட்டில் எல்லாம் வழுவழுவென்று சரியாக நடந்ததோ, அந்த வீடு. இரண்டாவது வகையைத்தான் நான் இப்போது அதிகம் சந்தேகப்படுகிறேன்.

டொனால்ட் ஷோன் 1983-இல் எழுதியதை இந்தத் துறையில் எல்லோரும் சுட்டுவார்கள். கட்டடம் வடிவமைப்பவர், மனநல சிகிச்சையாளர், பொறியாளர் போன்றவர்கள் வேலையில் எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்த்தவர். வேலைக்கு நடுவிலேயே யோசித்து வழியை மாற்றிக்கொள்வது ஒன்று, முடிந்த பிறகு உட்கார்ந்து யோசிப்பது இன்னொன்று என்று பிரித்தார். என் அனுபவத்தில் இரண்டாவதை விடாமல் செய்தால் முதலாவது தானாகக் கூடி வருகிறது. இப்போதெல்லாம் நாற்காலியைக் காட்டினால், "தண்ணி நானே போய் எடுத்துக்கிறேன் ஆச்சி, உள்ள வரலாமா?" என்று அங்கேயே கேட்டுவிடுகிறேன். வேண்டாம் என்றால் போவதில்லை. ஆனால் அந்த 'வேண்டாம்' எந்தக் குரலில் வந்தது என்பதை எழுதி வைப்பேன்.

தனியாக எழுதினால் ஓரளவுக்குத்தான் போக முடியும். கேட்க இன்னொருவர் வேண்டும். நம் ஊரில் மேற்பார்வை என்றால் எத்தனை வீடு, எத்தனை கையெழுத்து என்று எண்ணுவது. சமூகப் பணிப் படிப்பில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம்: அனுபவசாலி ஒருவர் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பற்றி உங்களையே பேசவைப்பது. இங்கிலாந்தில் பதிவு செய்த சமூகப் பணியாளர்கள் வருஷம் இரண்டு கற்றல் குறிப்பாவது பதிய வேண்டும், அதில் ஒன்றையாவது சக பணியாளருடன் பேசியிருக்க வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். இங்கே எல்லாப் பணியாளர்களுக்கும் பொதுவான அப்படி ஒரு கட்டாயம் இல்லை. நாங்கள் நாலு பேர், மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறோம். அறிவுரை சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்கலாம் என்பது ஒரே விதி. அதையும் பாதி நேரம் மீறுகிறோம்.

பழைய செட்டியார் கடைகளில் இது வேறு பெயரில் இருந்தது என்று எனக்குத் தோன்றும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் லேவாதேவிக்குப் போன கடைகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, பக்கத்திலிருந்து பார்த்துப் பழகி, அப்புறம்தான் அடுத்தாள் என்கிற உதவியாளர், மேலாள் என்கிற கடைப் பொறுப்பாளர். இரண்டு நாள் பயிற்சி முகாமும் சான்றிதழும் கொடுத்து யாரையும் பெட்டியில் உட்காரவைக்கவில்லை. அன்றாடக் கணக்குச் சிட்டையில் ஏறும், பேரேட்டுக்குப் போகும், கடைசியில் எல்லாவற்றையும் தொகுத்து, கடை எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் ஐந்தொகை எடுப்பார்கள். நம் அலுவலகங்களில் சிட்டை மட்டும் மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஐந்தொகை எடுக்க ஆள் இல்லை.

தொழிலில் வளர எந்தப் பயிற்சிக்குப் போவது என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் நோட்டைப் புரட்டினால் அதுவே சொல்லும். என் நோட்டில் 'வயசானால் மறதி வரத்தான் செய்யும்' என்று மூன்று மாதத்தில் நாலு தடவை இருந்தது. மறதி நோயைப் பற்றிப் படிக்கப் போனது அதனால்தான். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகள், இவையும் மறதி போலக் காட்டும், கவனித்தால் சரியாகக்கூடும் என்பதை அங்கே தெரிந்துகொண்டேன். காது கேட்காததை மறதி என்று நாமே முடிவு கட்டுவதும் உண்டு. அதேபோல 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். பிள்ளைகள் சோறு போடவில்லை என்று அழுத ஒரு ஐயாவை நான் மூன்று தடவை வீணாக அலையவிட்டேன். கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் இருக்கிறது, அந்த ஐயாவால் முடியாவிட்டால் அவர் ஒப்புதலோடு ஒரு அமைப்பே மனு போடலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. முதியோர் உதவி எண் 14567 என்பதையும் அதற்குப் பிறகுதான் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் இந்த ரிஃப்ளெக்ஷனை வைத்தே பழியைப் பணியாளர் தலையில் கட்டுவார்கள். தொண்ணூறு வீட்டுக்கு ஒரு ஆள், வண்டிக்குப் பெட்ரோல் காசு கிடையாது என்றால், அது உங்கள் மனப்பான்மைக் கோளாறு இல்லை. அதை 'நான் நேரத்தை நிர்வகிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்' என்று எழுதிக் கொடுக்காதீர்கள். வீட்டு எண்ணிக்கையை எழுதிக் கொடுங்கள்.

அதனால், மேலதிகாரி படிப்பாரே என்ற பயத்துக்கு என் வழி இரண்டு நோட்டு. அலுவலகத்துக்குக் கொடுப்பதில் என்ன நடந்தது, அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்பது மட்டும். அப்பத்தா கதையெல்லாம் என் நோட்டில். அதிலும் யார் பெயரும், ஊரும், கதவு எண்ணும் இருக்காது. 'நீலக் கதவு ஆச்சி', 'ரேடியோ ஐயா' என்று எனக்கு மட்டும் புரிகிற மாதிரி. பஸ்ஸில் தவறவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். நான் ஒரு தடவை தவறவிட்டேன், திருப்பத்தூர் பஸ்ஸில். கண்டக்டர் எடுத்து வைத்திருந்து, "யாரும்மா அது நீலக் கதவு ஆச்சி?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அந்த ஆச்சியை எல்லோரும் கேட்பார்கள். சென்னைக்குப் போகவில்லை. முன்கட்டு அறை ஒன்றில் ஒற்றை அடுப்பு வைத்தாயிற்று, படிக்குக் கைப்பிடி போட மகனே ஆள் அனுப்பினார். போன வாரம் போனபோது காபி அவர் போட்டதுதான். சர்க்கரை ஜாஸ்தி.